அத்தியாயம் 7: மழை மாதங்களில் தடிமனும் காய்ச்சலும்

இலங்கையில் இன்புளுவென்சா ஆண்டுக்கு இரண்டு தடவை தலைதூக்கும். சித்திரைப் புத்தாண்டுக்கு ஊருக்குப் போனவர்கள் பஸ் நிறையத் திரும்பி வரும் நேரத்தில் ஒரு சுற்று தொடங்கி ஜூன், ஜூலை வரை போகும். நேர்சரிக் கலைவிழாக்கள் நடக்கும் நவம்பரில் அடுத்தது தொடங்கி ஜனவரி வரை இழுபடும். இரண்டுமே மழையை ஒட்டிய மாதங்கள். அதே மழைதான் சிரட்டையிலும் கூரைப் பீலியிலும் தேங்கி டெங்கு நுளம்பைப் பெருக்குகிறது. ஆகவே கொழும்புப் பக்கத்து ஒருகொடவத்தையில் ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு உடம்பு சுடும்போது, "இது தடிமன் காய்ச்சல்தான்" என்று முதல் நாளே அடித்துச் சொல்ல எவராலும் முடியாது.

தடிமனை நிறுத்தும் மருந்தும் கிடையாது. பிள்ளையைச் சுகமாக வைத்திருப்பதும், மூன்று விஷயங்களை எண்ணிக்கொண்டிருப்பதும்தான் வீட்டிலிருப்பவரின் வேலை. காய்ச்சல் தொடங்கி எத்தனை நாள்? நிமிடத்துக்கு எத்தனை மூச்சு? கடைசியாகச் சிறுநீர் போய் எத்தனை மணித்தியாலம்? இந்த மூன்றுக்கும் கையில் விடை இருந்தால், வீட்டில் வைத்துப் பார்ப்பதா, ஓட்டோ பிடிப்பதா என்ற குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஒன்று முதல் மூன்று வயது வரையான பிள்ளைகளை மனதில் வைத்து இந்த அத்தியாயம் எழுதப்பட்டுள்ளது.

எது வழமை?

இந்த வயதில் வருடத்துக்கு ஆறு, எட்டுத் தடவை தடிமன் வருவது சாதாரணம். டே கெயருக்கோ நேர்சரிக்கோ போகத் தொடங்கிய முதல் வருடத்தில் இன்னும் கூடலாம். "பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தியே இல்லை" என்று பயந்து டொனிக் தேடி அலைய வேண்டாம். தடிமன் காய்ச்சல் இரண்டு, மூன்று நாளில் தணியும். மூக்கொழுகல் ஒரு கிழமை, பத்து நாள் போகும். இருமல் மூன்று கிழமை வரைகூட இழுக்கும். தெளிவாக ஓடும் சளி இடையில் மஞ்சளாகி, பச்சையாகி, பிறகு வற்றும். நிறம் மாறியதற்காக மட்டும் அன்ரிபயோட்டிக் தேவைப்படாது. போன தடவை மிஞ்சிய போத்தலைப் பிரிஜ்ஜிலிருந்து எடுத்துக் கொடுப்பது அறவே கூடாது.

இன்புளுவென்சா என்றால் வருகையே வேறு மாதிரி. காலையில் ஓடி விளையாடிய பிள்ளை பின்னேரம் 39 பாகை காய்ச்சலோடு தோளில் சாய்ந்துவிடும். உடம்பு நோவும், சாப்பாடு இறங்காது, சிலருக்கு வாந்தியும் வரும். காய்ச்சல் நான்கைந்து நாள் நிற்கலாம். இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும், இதய நோயோ இழுப்போ உள்ளவர்களுக்கும் இது கடுமையாகலாம் என்பதால் அவர்களை முதல் இரண்டு நாளுக்குள் டொக்டரிடம் காட்டுங்கள். வைரஸுக்கு எதிரான மருந்து தேவைப்பட்டால், அதைத் தொடங்க நல்ல நேரம் முதல் 48 மணித்தியாலம்தான்.

மழையில் நனைவதால் தடிமன் பிறப்பதில்லை. மழைக்காகக் கதவு ஜன்னலை அடைத்து எல்லோரும் ஒரே அறையில் அடைந்திருக்கும்போது ஒருவரின் வைரஸ் மற்றவருக்குப் போகிறது. அவிசாவளை வீதிப் பக்கம் கொண்டெய்னர் லொறிகளின் புழுதிக்கும் இரைச்சலுக்கும் பயந்து வருடம் முழுக்க ஜன்னல் திறக்காத வீடுகள் பல. வீதியில் வாகனம் குறைந்த அதிகாலையிலாவது அரை மணித்தியாலம் திறந்து விடுங்கள். பின்பக்க ஜன்னல் இருந்தால் அதை நாள் முழுக்கத் திறந்தே வைக்கலாம்.

முதல் நாள்: கொப்பியில் எழுதுங்கள்

தொட்டுப் பார்ப்பதை நம்ப வேண்டாம். டிஜிட்டல் வெப்பமானியைக் கமக்கட்டில் வைத்து, கையை உடம்போடு அணைத்துப் பிடித்து, பீப் சத்தம் வரும்வரை காத்திருங்கள். 38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பரனைட், அதற்கு மேல் போனால் காய்ச்சல். முதன்முதலில் சுட்ட திகதியையும் நேரத்தையும் கொப்பியில் எழுதுங்கள். கிளினிக் கார்டின் பின்னட்டையில் ஒரு தாளை ஒட்டி அதில் எழுதினாலும் சரி. ஆஸ்பத்திரியில் முதல் கேள்வியே "எப்போதிருந்து?" என்பதுதான். "முந்தநாள் போல" என்ற பதிலுக்கும் "திங்கட்கிழமை இரவு எட்டு மணியிலிருந்து" என்ற பதிலுக்கும் இடையே ஒரு முழு நாள் வித்தியாசம் வரலாம். டெங்குவில் அந்த ஒரு நாள் பெரிய விஷயம்.

காய்ச்சல் பிள்ளைக்குக் கம்பளித் தொப்பியும் காலுறையும் போட்டுப் போர்த்தி மூடினால் சூடு வெளியேற வழியில்லாமல் போகும். மெல்லிய பருத்திச் சட்டை போதும். மின்விசிறி மெதுவாகச் சுழலலாம். துடைப்பதானால் இளஞ்சூட்டு நீரில் துணியை நனைத்துத் துடையுங்கள். ஐஸ் தண்ணீரும் ஓடிக்கொலோனும் வேண்டாம். பிள்ளை நடுங்கினால் துடைப்பதை நிறுத்திவிடுங்கள்.

வீட்டில் மூன்று மாதம் நிரம்பாத தம்பியோ தங்கையோ இருந்து அந்தக் குழந்தைக்கு 38 பாகை காய்ச்சல் வந்தால் இந்த அத்தியாயத்தை மூடிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பனடோல் கணக்கு

பனடோல், அதாவது பரசிட்டமோல், கொடுப்பது வயதைப் பார்த்தல்ல, நிறையைப் பார்த்து. ஒரு தடவைக்கு, ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம். பிள்ளையின் கடைசி நிறை கிளினிக் கார்டில் இருக்கும்.

12 கிலோ பிள்ளைக்கு: 12 × 15 = 180 மில்லிகிராம்.

- போத்தலில் "5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம்" என்று இருந்தால்: 7.5 மில்லிலீற்றர்.
- "5 மில்லிலீற்றரில் 250 மில்லிகிராம்" என்று இருந்தால்: 3.6 மில்லிலீற்றர்.

விபத்து நடக்கும் இடம் இதுதான். வழமையாக வாங்கும் போத்தல் தீர்ந்து, பார்மசியில் மற்றது கிடைத்து, அம்மம்மா பழக்கத்தில் அதே 7.5 மில்லிலீற்றரை ஊற்றினால், பிள்ளைக்கு இரட்டிப்பு மருந்து போய்விடும். புதுப் போத்தல் வீட்டுக்கு வந்த உடனேயே, உங்கள் பிள்ளைக்கு எத்தனை மில்லிலீற்றர் என்று பிளாஸ்டரில் எழுதி அதில் ஒட்டிவிடுங்கள். தேக்கரண்டி வேண்டாம். ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்து, கன்னத்தின் உட்பக்கமாக மெதுவாக விடுங்கள்.

ஒரு தடவைக்கும் அடுத்ததற்கும் இடையே ஆறு மணித்தியாலம் இருக்க வேண்டும். ஒரு நாளுக்கு நான்கு தடவைக்கு மேல் கூடாது. நிம்மதியாகத் தூங்கும் பிள்ளையை எழுப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. மருந்து கொடுத்தும் காய்ச்சல் 38க்குக் கீழே இறங்கவில்லையே என்று அடுத்த தடவையை முன்னுக்கு இழுக்காதீர்கள். பிள்ளை கொஞ்சம் தெளிந்து குடிக்கத் தொடங்கினால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம்.

பரசிட்டமோலைத் தவிர வேறு காய்ச்சல் மருந்து வேண்டாம். இபுபுரோபன், மெபனமிக் அசிட், பின்பக்கம் வைக்கும் டைக்குளோபெனக் எல்லாம் காய்ச்சலை விரைவாக இறக்கும். ஆனால் வந்திருப்பது டெங்குவாக இருந்தால் இரத்தக் கசிவை மோசமாக்கும். அஸ்பிரின் பிள்ளைகளுக்கு எந்தக் காய்ச்சலுக்கும் ஆகாது.

அடைத்த மூக்கும் இரவு இருமலும்

மூக்கடைப்புக்கு உப்பு நீர்ச் சொட்டு போதும். கொதித்தாறிய ஒரு கோப்பைத் தண்ணீரில் அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக உப்பைக் கரைத்து, பால் குடிக்கவும் தூங்கவும் முன்னர் ஒவ்வொரு மூக்குத் துவாரத்திலும் இரண்டு சொட்டு விடுங்கள். ஒரு நிமிடம் கழித்து மெல்லிய துணியால் துடைத்தால் சளி வரும். தினமும் புதிதாகக் கரைக்க வேண்டும். பார்மசியில் சேலைன் சொட்டு ஆயத்தமாகவும் கிடைக்கும்.

இரவு இருமலுக்கு, ஒரு வயது நிரம்பிய பிள்ளைக்குப் படுக்கும் முன் அரைத் தேக்கரண்டி தேன் நல்லது. ஒரு வயதுக்கு முன் தேனை நாக்கில் தடவவும் வேண்டாம். அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி கைக்குழந்தையின் தசைகளையே செயலிழக்கச் செய்துவிடும். கொத்தமல்லி அவித்த தண்ணீரை இஞ்சி காரமில்லாமல், இளஞ்சூடாக, சில மிடறு கொடுக்கலாம். பிள்ளை குடிக்கும் பாலையும் கஞ்சியையும் நிறுத்திவிட்டு அதைக் கொடுப்பதில் பயனில்லை.

வீட்டில் வழக்கமாகச் செய்யும் சிலவற்றைக் கைவிட வேண்டும்.

- ஆவி பிடித்தல். போர்வைக்குள் கொதிநீர்ப் பாத்திரமும் துள்ளும் பிள்ளையும் சேர்ந்தால் வெந்நீர்க் காயம்தான் மிச்சம்.
- விக்ஸ், சித்தாலேப போன்ற பூச்சுகள். கற்பூரமும் மென்தோலும் உள்ள எதையும் இரண்டு வயதுக்கு முன் பூச வேண்டாம். எந்த வயதிலும் மூக்குக்குள் தடவக் கூடாது.
- சாம்பிராணிப் புகையும் நுளம்புத்திரியும். தலை காயச் சாம்பிராணி காட்டுவது அழகான பழக்கம். ஆனால் வீங்கிய சுவாசக் குழாய்க்குப் புகை எரிச்சல். இந்த நாட்களில் துவாயால் தலையை ஈரம் போகத் துடைத்தால் போதும். திரிக்குப் பதில் வலை கட்டுங்கள். டெங்கு நுளம்பு கடிப்பது பகலில் என்பதால் மதியத் தூக்கத்துக்கும் வலை வேண்டும்.
- இருமல் சிரப். இந்த வயதில் பயன் இல்லை, தூக்க மயக்கமும் படபடப்பும் வரலாம். உறவினர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த போத்தலாக இருந்தால் இன்னும் கவனம். 2022இல் காம்பியாவில் 60க்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்ததற்கு டைஎதிலீன் கிளைக்கோல் என்ற நச்சு கலந்த சிரப்களே காரணமாகக் கருதப்பட்டன. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் பிள்ளைகள் இறந்தபோதும் அதே நச்சு, காஞ்சிபுரத்தில் தயாரான 'கோல்ட்ரிப்' சிரப்பில் கண்டுபிடிக்கப்பட்டது. சிறுநீரகம் செயலிழந்துதான் அந்தப் பிள்ளைகள் இறந்தார்கள்.

குடிப்பதும் சிறுநீரும்

காய்ச்சல் பிள்ளை இரண்டு, மூன்று நாள் சோறு சாப்பிடாவிட்டாலும் சமாளிக்கும். குடிக்காவிட்டால் சமாளிக்காது. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளையை அடிக்கடி மார்பில் போடுங்கள். மற்றப் பிள்ளைகளுக்கு அரிசிக் கஞ்சி, செவ்விளநீர், தோடம்பழச் சாறு, ஜீவனி என்று மாற்றி மாற்றி, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை சில கரண்டியாகக் கொடுங்கள். ஜீவனியைப் பைக்கற்றில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரிலேயே கரைக்க வேண்டும். வெறும் தண்ணீரை மட்டும் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

மைலோ, சொக்லேட், பீற்றூட், நெக்டோ போன்ற சிவப்பு, மண்ணிறச் சாமான்களைக் காய்ச்சல் முடியும்வரை தள்ளி வையுங்கள். பிள்ளை வாந்தி எடுத்தால் அது இரத்தமா, குடித்ததா என்று டொக்டரால் பிரித்தறிய முடியாமல் போகும்.

பம்பர்ஸ் போட்டிருக்கும் பிள்ளையில் சிறுநீரைக் கணக்கிடுவது எளிது. மாற்றிய நேரத்தை எழுதி, கையில் எடுத்துப் பாரம் பாருங்கள். ஆறு மணித்தியாலம் காய்ந்தே கிடந்தால் அது ஆஸ்பத்திரிக்கான நேரம்.

மூச்சை எண்ணுவது எப்படி?

சளி நெஞ்சுக்குள் இறங்கியதா என்பதை இருமல் சத்தம் சொல்லாது, மூச்சின் வேகம் சொல்லும். பிள்ளை தூங்கும்போதோ மடியில் அமைதியாக இருக்கும்போதோ எண்ணுங்கள். அழும்போதும், காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போதும் மூச்சு இயல்பாகவே வேகமாக இருக்கும். அந்த நேரக் கணக்கு உதவாது. சட்டையை நெஞ்சுக்கு மேலே சுருட்டிவிட்டு, வயிறும் நெஞ்சும் ஒரு தடவை எழும்பித் தாழ்வதை ஒன்று என்று கணக்கிட்டு, தொலைபேசிக் கடிகாரத்தில் முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்குவது பிழைக்கும். ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரை 40, இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50. அந்த எண்ணையோ அதற்கு மேலோ தொட்டால் வேகமான மூச்சு. பத்து நிமிடம் விட்டு மறுபடி எண்ணியும் அதுவே வந்தால் அன்றே காட்டுங்கள்.

எண்ணும்போதே விலா எலும்புக்குக் கீழேயும் பாருங்கள். பிள்ளை மூச்சை உள்ளே இழுக்கும்போது அந்த இடம் குழி விழுந்தால், மூக்கு இறக்கை விரிந்து விரிந்து சுருங்கினால், முனகலோ 'கீர்' என்ற சத்தமோ வந்தால், எண்ணி முடிக்கக் காத்திருக்க வேண்டாம்.

மூன்றாம் நாள்

காய்ச்சல் மூன்றாம் நாளைத் தொட்டால், பிள்ளை உசாராக இருந்தாலும் டொக்டரிடம் காட்டி முழு இரத்தப் பரிசோதனை, அதாவது எப்.பி.சி., செய்யுங்கள். தடிமனோடு மூக்கும் ஒழுகுகிறது, ஆகவே டெங்கு இராது என்று விட வேண்டாம். ஒரே பிள்ளைக்கு இரண்டும் வரலாம். முதல் நாட்களில் டெங்குவுக்காகச் செய்யும் என்.எஸ்.1 சோதனையில் "இல்லை" என்று வந்தாலும் எப்.பி.சி.யைக் கைவிடக் கூடாது. பிளேட்லட் ஒரு இலட்சத்துக்குக் குறைந்தால் வாட்டில் நிறுத்துவார்கள். அதற்கு மேலே இருந்தும் இறங்குமுகமாக இருந்தால் அடுத்த சோதனை எப்போது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

டெங்குவில் பலரும் ஏமாறுவது காய்ச்சல் விடும் நேரத்தில்தான். தடிமன் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டால் பசிக்கும், விளையாட்டுச் சாமான் கேட்கும். டெங்குப் பிள்ளைக்குச் சூடு இறங்கிய பிறகும் சோர்வு கூடும், கைகால் சில்லிடும், வயிறு நோகும், வாந்தி நிற்காது. இரத்த நாளங்களிலிருந்து நீர் கசியும் ஆபத்தான ஒரு நாள், இரண்டு நாள் தொடங்குவது பெரும்பாலும் அப்போதுதான். 2017இல் இலங்கையில் 1,86,000க்கு மேற்பட்டோருக்கு டெங்கு என்று பதிவானது. அந்த வருடம் கொழும்பில் பிள்ளை வளர்த்தவர்களுக்கு இந்த எச்சரிக்கை நன்றாகத் தெரியும். காய்ச்சல் விட்ட பின்னும் இரண்டு நாள் கொப்பியை மூடாதீர்கள்.

வலிப்பு வந்தால்

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை, காய்ச்சல் திடீரென ஏறும்போது சில பிள்ளைகளுக்கு வலிப்பு வரும். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் பெரும்பாலும் சில நிமிடத்தில் தானாக நிற்கும், மூளைக்குத் தீங்கு செய்யாது. பிள்ளையைத் தரையில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். நேரத்தைப் பாருங்கள். வாயில் கரண்டியோ விரலோ தண்ணீரோ வைக்காதீர்கள். கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதால் வலிப்பு நிற்காது. ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். முதல் தடவை வலிப்பு என்றால், நின்ற பிறகும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

தாமதிக்காமல் போக வேண்டிய அறிகுறிகள்

- வேகமான மூச்சு, நெஞ்சு குழி விழுதல், உதடு நீலமாதல்
- எதையும் குடிக்காமை, குடித்ததெல்லாம் வாந்தியாதல்
- ஆறு மணித்தியாலம் சிறுநீர் போகாமை
- எழுப்பினாலும் கண் திறக்காத மயக்கம், அல்லது தேற்ற முடியாத அமைதியின்மை
- குளிர்ந்த கைகால், கடும் வயிற்று நோவு
- மூக்கு, முரசு, மலம் எதிலாவது இரத்தம்

ஒருகொடவத்தைச் சந்தியிலிருந்து பேஸ்லைன் வீதியால் தெமட்டகொடை தாண்டினால் பொரளையில் சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை. இரவிலும் அவசரப் பிரிவு இயங்கும். ஓட்டோ கிடைக்காத நேரத்திலும், பிள்ளைக்கு மூச்சு முட்டும்போதும் 1990தான் வழி. கட்டணம் இல்லை. களனி கங்கை பெருகும் நாட்களில் இன்னொரு கணக்கும் உண்டு. 2016 மே மாதம் வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கங்கள் நீருக்குள் போனது நினைவிருக்கும். வெள்ள எச்சரிக்கை வந்து, வீட்டில் காய்ச்சல் பிள்ளையும் இருந்தால், வீதி மூடுவதற்கு முன்பே கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ இருக்கும் உறவினர் வீட்டுக்கு மாறிவிடுங்கள்.

தாய் தகப்பன் வேலைக்குப் போன நேரத்தில், ஹட்டனிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வந்து பிள்ளை பார்க்கும் அம்மம்மா தனியே ஆஸ்பத்திரிக்குப் போக நேரலாம். சிங்களம் வராதவருக்கு இந்த வரிகளை எழுதிக் கொடுத்து வையுங்கள்:

- காய்ச்சல் வந்து மூன்று நாள்: "உண ஹெதிலா தவஸ் துனய்."
- மூச்செடுக்கக் கஷ்டம்: "ஹுஸ்ம கன்ன அமாருய்."
- எதுவும் குடிக்கவில்லை: "முகுத் பொன்னே நே."
- நேற்று இரவிலிருந்து சிறுநீர் போகவில்லை: "ஈயே ரே இந்தன் ச்சூ கரே நே."
- வலிப்பு வந்தது: "பிட் எகக் ஹெதுனா."

வீட்டில் மற்றவர்களும் தடுப்பூசியும்

பெரும்பாலும் வைரஸைக் கொண்டுவருவது பெரியவர்களும் பாடசாலை போகும் அண்ணன், அக்காவும்தான். வெளியிலிருந்து வந்தால் சவர்க்காரம் போட்டுக் கைகழுவிய பிறகே பிள்ளையைத் தூக்கட்டும். இருமுபவர் முகக்கவசம் போடட்டும். சோற்றை ஊதி ஊட்டுவதையும், தான் கடித்ததைக் கொடுப்பதையும் இந்த மாதங்களில் நிறுத்துங்கள்.

இன்புளுவென்சாத் தடுப்பூசி நம் நாட்டு இலவச அட்டவணையில் இல்லை, தனியாரிடம் பணம் கொடுத்துப் போட வேண்டும். ஆறு மாதத்துக்குப் பிறகு போடலாம். முதல் தடவை என்றால் நான்கு கிழமை இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு வருடத்துக்கு ஒன்று. வசதி குறைவென்றால் இழுப்போ இதய நோயோ உள்ள பிள்ளைக்கு முதலிடம் கொடுங்கள். இலவச ஊசிகளில் ஒன்றையும் தவறவிட வேண்டாம். 2, 4, 6 மாதங்களில் போடும் ஊசி கக்குவானிலிருந்தும் ஒருவகை நியுமோனியாவிலிருந்தும் காக்கிறது, 18 மாத ஊசி கக்குவானுக்கான காப்பைப் புதுப்பிக்கிறது, 9 மாதத்திலும் 3 வயதிலும் போடுவது சின்னமுத்துக்கு எதிரானது. லேசான தடிமனுக்காகக் கிளினிக் திகதியைத் தள்ளிப்போடாதீர்கள்.

மறுபடி நேர்சரிக்கு

மருந்தில்லாமல் முழுதாக ஒரு நாள் காய்ச்சல் இல்லாமல், பிள்ளை வழமைபோலச் சாப்பிட்டு விளையாடினால் அனுப்பலாம். மிஞ்சிய இருமலும் மூக்கொழுகலும் தடையல்ல. காலையில் பனடோல் கொடுத்துச் சூட்டை அடக்கி அனுப்பினால் பத்து மணிக்கு ரீச்சர் அழைப்பார். அதற்குள் மற்றப் பிள்ளைகளுக்கும் தொற்றியிருக்கும்.

அடுத்த சுற்றுக்கு, மார்ச் கடைசியிலும் ஒக்டோபர் கடைசியிலும் மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள். வேலை செய்யும் வெப்பமானி, காலாவதியாகாத பரசிட்டமோல், அளவு சிரிஞ்ச், இரண்டு பைக்கற் ஜீவனி, சேலைன் சொட்டு, கிளினிக் கார்ட், கொப்பி, பேனை. அன்றே பிள்ளையின் நிறையைப் பார்த்து, போத்தலில் ஒட்டிய பழைய அளவைக் கிழித்துப் புதியதை எழுதி ஒட்டுங்கள். ஆறு மாதத்தில் பிள்ளை ஒரு கிலோவாவது கூடியிருக்கும்.